மூன்று மீட்டர் சுதந்திரம்!

பேச்சுரிமைக்கு நீளம் உண்டா? முழக்கோல் எடுத்து அதனை அளந்துவிட முடியுமா? "முடியும்" என்கிறது அமெரிக்க நாட்டுச் சட்டம். அளந்தும் வைத்திருக்கிறது. அதன் நீளம், சரியாக மூன்று மீட்டர்!

வேடிக்கைக்குச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். உரிமம் பெறாத குடிமகன் ஒருவன், தன் தெருவுக்கோ தன் குடியிருப்புக்கோ ஒரு சிறு வானொலி நடத்த விரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கென அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் தனது விதித்தொகுப்பின் 15ஆம் பகுதியில் சில கட்டளைகளைப் பொறித்து வைத்திருக்கிறது. மத்திய அலையில் அவன் பேசலாம். ஆனால் கருவியின் இறுதிக் கட்டத்துக்குச் செல்லும் மின்திறன் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. ஏரியல் கம்பி, ஏரியலுக்குச் செல்லும் இணைப்புக் கம்பி, மண்ணிலே இறங்கும் எர்த் கம்பி ஆகிய மூன்றையும் கூட்டினால் மூன்று மீட்டரைத் தாண்டலாகாது. நம் வீட்டு முற்றத்தில் துணி உலர்த்தக் கட்டும் கொடிக்கயிறுகூட அதைவிட நீளம்!

"கம்பி குட்டையானால் என்ன, குரல் கேட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். மத்திய அலையில் 1,000 கிலோஹெர்ட்சு என்னும் அலைவரிசைக்கு அலைநீளம் 300 மீட்டர். அந்த அலையை நன்றாக வீசும் ஏரியலுக்கு அதில் கால் பங்கு, அதாவது 75 மீட்டர் உயரம் தேவை. சட்டம் அனுமதிப்பதோ மூன்று மீட்டர். இருபத்தைந்தில் ஒரு பங்கு! அவ்வளவு குட்டையான கம்பிக்கு ஊட்டும் மின்திறனில் நூற்றில் ஒரு பங்குகூட அலையாகப் புறப்படுவது அரிது. மிச்சமெல்லாம் சுருளிலும் கம்பியிலும் மண்ணிலும் வெப்பமாகி மடிந்துபோகிறது. பத்தில் ஒரு வாட்டு கொடுத்தோம் என்று ஒரு கையால் தந்து, மூன்று மீட்டர் என்று மறு கையால் பறித்துக்கொண்டார்கள்.

பண்பலையில் வேறு தந்திரம். அங்கே 100 மெகாஹெர்ட்சுக்கு அலைநீளமே மூன்று மீட்டர்தான். முக்கால் மீட்டர்க் கம்பி போதும். ஆகவே கம்பியை அளந்தால் பயனில்லை என்று கண்டு, அலையையே அளந்தார்கள். மூன்று மீட்டர் தொலைவில், மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்! இதற்கு மேல் கூடாது. இந்த அளவை வாட்டுக் கணக்கில் பெயர்த்தால், ஒரு வாட்டை ஐந்து கோடிக் கூறாக்கி அதில் ஒரு கூறு. ஆணையமே சொல்கிறது: ஏறத்தாழ 200 அடி வரை கேட்கும் என்று. 200 அடி! கோயில் மணியின் ஓசை அதைவிடத் தொலைவு செல்லும். கீரை விற்கும் மூதாட்டியின் குரல் அதில் பாதித் தொலைவாவது போகும். மின்சாரத்தின் துணையோடு பேசுகிறவனுக்கு, மின்சாரம் இல்லாமல் கூவுகிறவளின் எல்லைக்குச் சற்று மேலே ஒரு வேலி!

இதற்கும் மேலே ஒரு கட்டளை. உரிமம் இல்லாதவன் பிறருக்கு இடையூறு செய்தல் கூடாது. பிறரால் அவனுக்கு நேரும் இடையூறு எதுவாயினும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முற்பாதி நியாயம். பிற்பாதி? ஊர்ப் பொதுவழியில் பெரியவர் வந்தால் சிறியவன் ஒதுங்க வேண்டும், பெரியவர் மேலே மோதினாலும் வாய் திறவாதிருக்க வேண்டும் என்ற பழைய ஊர்க்கட்டுப்பாடு நமக்குத் தெரியாததா? அதன் சாயல் வானிலும் தெரிகிறது.

இந்த விதியின் பிறப்பைக் கேட்டால் இன்னும் வியப்பீர்கள். 1938ஆம் ஆண்டு, குறைந்த திறனுள்ள கருவிகள் உரிமமின்றி இயங்க ஆணையம் முதன்முதலாக வழிவிட்டது. யாருக்காக? பேச விரும்பிய குடிமகனுக்காகவா? இல்லை. கூடத்திலே சுழலும் இசைத்தட்டை, கம்பி இல்லாமல் மறு அறை வானொலிப் பெட்டியிலே கேட்க வைக்கும் கருவிக்காக. பெட்டியை நாற்காலியில் இருந்தபடியே திருகும் கருவிக்காக. கடையிலே விற்கும் பொருளுக்குச் சந்து விட்டார்கள். அந்தச் சந்தின் வழியே மனிதக் குரல் நுழைந்துவிடாதபடி காவல் போட்டார்கள்.

அதே பத்தாண்டில் அதே நாட்டில் நடந்த மற்றொன்றையும் பாருங்கள். சின்சினாட்டி நகரத்து முதலாளி பவல் கிராஸ்லி. வானொலிப் பெட்டி செய்து விற்றவர், டபிள்யூ.எல்.டபிள்யூ. என்னும் நிலையத்தின் உடைமையாளர். 1934 மே மாதம், குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் வெள்ளை மாளிகையிலிருந்தபடி விசையைத் தட்ட, அந்த நிலையம் 5 லட்சம் வாட்டில் முழங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 250 மீட்டர் உயரக் கோபுரம்! சோதனை என்ற பெயரில் 1939 வரை அது நீடித்தது. இடையூறு இல்லையா? இருந்தது. கனடா நாட்டு நிலையத்தின்மீது அலை ஏறிற்று, கனடா முறையிட்டது. என்ன செய்தார்கள்? இரவிலே திறனை 50,000 வாட்டாகக் குறைத்துக்கொள் என்றார்கள். கிராஸ்லி, கனடாப் பக்கம் அலை செல்லாதபடி தடுக்கும் ஏரியல் அமைப்பைக் கட்டினார். மீண்டும் இரவிலும் 5 லட்சம்!

தோழர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பணக்காரன் இடையூறு செய்தால் அது பொறியியல் சிக்கல். பொறியாளரை அழைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஏழையிடமிருந்து இடையூறு வரக்கூடும் என்று ஐயுற்றாலே அது குற்றம். கம்பியை வெட்டு, கருவியைப் பறி! இதுதானே நம் வழக்கின் சாரம்?

இந்த ஓரவஞ்சனை ஒரு நாளில் முளைத்ததன்று. 1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கிய பின் வந்த வானொலிச் சட்டம், ஆர்வலர்களை 200 மீட்டர் அலைநீளத்துக்குக் கீழே தள்ளிற்று. அந்தப் பகுதி பயனற்ற தரிசு என்பது அன்றைய நினைப்பு. அந்தத் தரிசைத்தான் அவர்கள் உழுதார்கள். 1923 நவம்பரில், 110 மீட்டர் அளவிலான அலையில் அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரையிலுமிருந்து ஆர்வலர்கள் ஒருவரோடொருவர் பேசிக் காட்டினார்கள். தரிசு பொன் விளையும் பூமி என்று தெரிந்ததும் பெரு நிறுவனங்களும் அரசுகளும் பாய்ந்து வந்து பங்கு போட்டுக்கொண்டன. உழுதவனுக்கு ஓரத்துத் துண்டுகள் மிஞ்சின. பஞ்சமி நிலத்தின் கதையறிந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

1926இல் சிகாகோ தொழிற்சங்கக் கூட்டமைப்பு, உழைப்பாளர் குரலாக டபிள்யூ.சி.எஃப்.எல். என்னும் நிலையத்தைத் தொடங்கிற்று. 1927இல் நியூயார்க்கில், சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் நினைவாக டபிள்யூ.இ.வி.டி. எழுந்தது. 1928இல் வானொலி ஆணையம் அலைவரிசைகளை மறுபங்கீடு செய்தது. நல்ல அலைவரிசையும் உயர்ந்த திறனும் வணிகருக்குப் போயின. 1929ஆம் ஆண்டு அறிக்கையில் ஆணையம் தந்த விளக்கம், ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு நிலையம் தர வானில் இடம் போதாது என்பது. தொழிலாளியின் கொள்கைக்கு இடமில்லை. சோப்பு விற்கிறவனுக்கு இடமுண்டு. சோப்பு விற்பது கொள்கையில் சேராதல்லவா!

பின்னர் நடந்தது என்ன? 1948இல் கல்வி நிறுவனங்களுக்கு 10 வாட்டுப் பண்பலை நிலையம் தந்தார்கள். 1978இல் புதியவற்றுக்கு அந்தக் கதவை மூடினார்கள். கதவு மூடிய வீட்டில் காற்றுக்கு ஏங்கியவன் என்ன செய்வான்? இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பொதுக் குடியிருப்பு ஒன்றில், பார்வையற்ற மனிதர் ம்பானா கண்டாகோ, 1987இல் ஒரு வாட்டு நிலையம் தொடங்கினார். ஒரே ஒரு வாட்டு! காவல்துறையின் அடியுதை பற்றி அக்குடியிருப்பு மக்கள் அதிலே பேசினார்கள். 1989இல் ஆணையம் வந்தது, 750 டாலர் தண்டம் விதித்தது, மூடு என்றது. அவர் கட்டவில்லை; மூடிவிடவும் இல்லை.

1993இல் பெர்க்லியில் ஸ்டீபன் டனிஃபர் கட்டற்ற வானொலி தொடங்கினார். 20,000 டாலர் தண்டம். ஆணையம் நீதிமன்றம் சென்று உடனடித் தடை கேட்டது. 1995 சனவரியில் நீதிபதி கிளாடியா வில்கன் மறுத்தார். 1998 சூனில்தான் நிலைத்த தடை கிடைத்தது. அந்த மூன்றரை ஆண்டில் நாடெங்கும் சிறு நிலையங்கள் காளான்போல் முளைத்தன. அந்த நெருக்கடிக்குப் பிறகே, 2000 சனவரியில், தலைவர் வில்லியம் கென்னர்டு காலத்து ஆணையம், 100 வாட்டு வரையிலான சிறு நிலையங்களுக்கு உரிமம் தரும் திட்டத்தை அறிவித்தது. சட்டத்தை மீறியவர்கள் தட்டியிராவிட்டால் சட்டம் கதவைத் திறந்திருக்குமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

திறந்த கதவை அடைக்கக் கிளம்பியவர் யார் தெரியுமா? தேசிய ஒலிபரப்பாளர் சங்கம் என்னும் முதலாளிகள் அமைப்பு. கூடவே, பொதுமக்கள் நன்கொடையில் வாழும் தேசியப் பொது வானொலியும்! "இடையூறு, இடையூறு" என்று இரண்டும் முழங்கின. 2000 டிசம்பரில் காங்கிரசு அவை இடைவெளி விதியை இறுக்கிற்று. நகரங்களில் சிறு நிலையத்துக்கு இடமே இல்லாமற்போயிற்று. உரிமமின்றி ஒலிபரப்பியவனுக்கு இனி உரிமமே இல்லை என்றும் எழுதிவைத்தது. இடையூறு உண்மையா என்று ஆராயவும் அதே சட்டம் ஆணையிட்டது. மைட்டர் நிறுவனம் ஆராய்ந்தது. 2003இல் வந்த முடிவு: அஞ்சத்தக்க இடையூறு இல்லை! ஆயினும் சட்டம் திருந்த 2011 சனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பொய் ஓராண்டுக்குள் சட்டமாயிற்று. மெய் ஏறத்தாழ எட்டாண்டு வாசலில் நின்றது.

திருந்திய கையோடு 2020 சனவரியில் இன்னொரு சட்டம். உரிமமில்லா ஒலிபரப்புக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் டாலர் வரை, மொத்தம் 20 லட்சம் டாலர் வரை தண்டம்! கண்டாகோவுக்கு விதித்த 750 எங்கே, இந்த 20 லட்சம் எங்கே?

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்போம். கேளாமல் தீர்ப்பளிப்பது நம் பண்பன்று.

"வானலை அளவுக்குட்பட்டது, கட்டுப்பாடு இல்லையேல் கூச்சலே மிஞ்சும்" என்பர். உண்மை. கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. "பண்பலையின் மேல் எல்லை 108 மெகாஹெர்ட்சு, அதையொட்டியே விமானங்களுக்குரிய அலைவரிசை தொடங்குகிறது, மட்டமான கருவி ஒன்று விமானிக்கு ஆபத்தாகலாம்" என்பர். அதுவும் உண்மை; உயிர் சம்பந்தப்பட்டது; அலட்சியம் செய்தல் கூடாது. ஆனால் அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது? தனக்குரிய அலைவரிசையை விட்டு வழிந்து சிந்தும் கருவியிலிருந்து. அதற்கு மருந்து, நல்ல வடிகட்டி, கருவிக்குத் தரச்சோதனை. மத்திய அலைக் கம்பியை மூன்று மீட்டராக நறுக்குவதால் விமானிக்கு என்ன நன்மை? நோய் தலையில், கட்டு காலில்!

"நீளத்தை அளப்பது எளிது, அலையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும், எளியவனுக்கு உதவவே இந்த விதி" என்பர் இன்னும் சிலர். இதில் சற்று நியாயம் உண்டு. அலையை அளந்து ஒழுகும் வழியையும் விதித்தொகுப்பு காட்டத்தான் செய்கிறது. எவ்வளவு என்று பாருங்கள்: 1,000 கிலோஹெர்ட்சில், 30 மீட்டர் தொலைவில், மீட்டருக்கு 24 மைக்ரோவோல்ட். எந்த வழியில் போனாலும் வேலி அதே இடத்தில்தான். ஆக, அளக்கும் முறையன்று நம் சண்டை. அளவைக் குறித்தவனின் நோக்கமே நம் சண்டை. பக்கத்து ஊர் நிலையத்துக்கு எங்கே தொல்லை தொடங்குகிறதோ அங்கே எல்லை வை, ஏற்றுக்கொள்கிறோம். தொல்லை தொடங்கும் முன்னரே, குரல் தெருமுனை எட்டும் முன்னரே, எல்லை வைப்பது ஏன்?

"இணையம் வந்துவிட்டது; இனி எவர் வேண்டுமானாலும் பேசலாமே, வானொலி எதற்கு?" என்று கேட்பவரும் உண்டு. புயலடித்த மறுநாள் அவர்கள் இதைக் கேட்கட்டும்! 2018 நவம்பரில் கசா புயல் வீசியபோது, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிகள் ஊமையாகிக் கிடந்த நாட்களை மறந்தவர் யார்? பேட்டரியில் பாடும் சிறு பெட்டியின் அருமை அன்று தெரியும்.

1995 சனவரியில் சப்பான் நாட்டுக் கோபே நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியது. நகாத்தா வட்டாரத்தில் கொரியரும் வியத்நாமியரும் நிறைந்திருந்தனர். எங்கே குடிநீர், எங்கே மருத்துவம் என்ற செய்தி அவர்கள் மொழியில் இல்லை. உரிமத்துக்குக் காத்திராமல், கொரிய மொழியிலும் வியத்நாமிய மொழியிலும் அம்மக்களே சிறு நிலையங்களைத் தொடங்கினார்கள். பின்னர் இரண்டும் ஒன்றாகி, நிலநடுக்கத்தின் ஓராண்டு நினைவு நாளில், 1996 சனவரி 17இல், முறையான உரிமம் பெற்றன. அரசு அவர்களைக் கைது செய்து பெருமை தேடவில்லை. தங்கள் பணியை அவர்கள் மெய்ப்பித்தார்கள், அரசு ஒப்பிற்று.

இதற்கு நேர்மாறான காட்சியையும் காணுங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை நிலையங்களையே வைத்திருக்கலாம் என்ற வரம்பை அகற்றிவிட்டது. கிளியர் சேனல் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 1,200 நிலையங்களை விழுங்கிற்று. 2002 சனவரி 18, வடக்கு டக்கோட்டா மாநிலத்து மைனாட் நகரம். நள்ளிரவுக்குப் பின் சரக்கு இரயில் தடம்புரண்டு அமோனியா நச்சு ஊரைச் சூழ்ந்தது. அவ்வூர் வணிக வானொலி நிலையங்கள் ஆறும் அந்த ஒரே நிறுவனத்தின் கையில்! காவலர் தொலைபேசியில் அழைத்தனர். எச்சரிக்கை உரிய நேரத்தில் வானில் எழவில்லை. காவல்துறையின் எச்சரிக்கைக் கருவி சரியாக அமைக்கப்படவில்லை என்று நிறுவனம் சொல்லிற்று. பழி யாருடையதாயினும் ஆகட்டும். ஒருவர் மாண்டார், நூற்றுக்கணக்கானோர் நச்சுக்காற்றால் துன்புற்றனர். ஆறு நிலையம் இருந்தும் ஊருக்கு ஒரு குரல் இல்லை. நிலையத்தின் எண்ணிக்கையைக் காட்டிலும் அது யாருடையது என்பதே கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்கக் கதை அமெரிக்காவோடு போகட்டும் என்று விட்டுவிடலாகாது, தோழர்களே! நம் நிலை என்ன?

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31ஆம் இனத்தில் ஒலிபரப்பு இருக்கிறது. அலைக்கற்றையில் மாநிலத்துக்கு ஒரு துளியும் இல்லை. வெள்ளையன் காலத்து 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நெடுங்காலம் நம் வாய்க்குப் பூட்டாக இருந்தன. அவற்றின் இடத்துக்கு 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றினார்கள். பூட்டு புதிது, சாவி பழையபடி தில்லியில்!

1995 பிப்ரவரி 9இல் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்து பதினோராண்டு கழிந்தபின், 2006இல், பீகாரின் வைசாலி மாவட்டத்துச் சிற்றூரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர், தாமே செய்த கருவியும் மூங்கில் கழியில் கட்டிய ஏரியலுமாக நடத்திவந்த நிலையத்தை அரசு மூடியது. அந்த வட்டாரமே கேட்டு மகிழ்ந்த நிலையம்! பொதுச்சொத்து என்றார்கள், பொதுமக்களில் ஒருவன் தொட்டதும் கைவிலங்கு காட்டினார்கள்.

அதே 2006இல்தான் தொண்டு அமைப்புகளுக்குச் சமுதாய வானொலி என்று அறிவித்தார்கள். 50 வாட்டுக் கருவி. தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் ஏரியல் கூடாது. மூன்று மீட்டரை நோக்க முப்பது மீட்டர் தாராளம்தான்; ஒப்புக்கொள்வோம். ஆனால் இங்கே ஏரியலை விட்டுவிட்டு நாக்கை வெட்டினார்கள். செய்தி கூடாது; அரசியல் கூடாது! பின்னாளில், அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒலிபரப்பலாம் என்று மட்டும் தளர்த்தினார்கள். பாம்பன் தீவில் 2016 முதல் கடல் ஓசை என்னும் மீனவர் வானொலி இயங்குகிறது. காற்று எப்படி, கடல் எப்படி என்று அது சொல்லலாம். ஆனால் இலங்கைக் கடற்படை நம் மீனவரைப் பிடித்துச் சென்றது என்ற செய்தியைத் தானே திரட்டித் தன் சொல்லில் சொல்ல விதி இடம் தருவதில்லை. கணவன் கரை திரும்பாத வீட்டுக்கு அருகிலேயே நிலையம். அவன் செய்தியை மட்டும் தில்லியின் வாசகத்தில் கேட்க வேண்டும்! அந்தத் தில்லி வானொலிக்கும் 2023 மே மாதத்தில், "ஆகாசவாணி" என்றே இனி அழைக்க வேண்டும் என்று உத்தரவு. பெயரும் அவர்களுடையது, செய்தியும் அவர்களுடையது. கேட்கும் காது மட்டுமே நம்முடையது.

ஆகவே நாம் கேட்பது இவை. இடையூறு என்றால் அதை மெய்ப்பித்துத் தடு. கம்பியின் நீளத்தையும் கைப்பொருளின் அளவையும் காட்டித் தடுக்காதே. கருவியின் தரத்தைச் சோதி. பேசுகிறவனின் கொள்கையைச் சோதிக்காதே. பண்பலையில் ஒரு பங்கை ஊர்களுக்கும் உழைப்பாளர் அமைப்புகளுக்கும் ஒதுக்கு. சிறு நிலையத்துக்கு உரிமம் தரும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடு. சமுதாய வானொலியின் செய்தித் தடையை அகற்று. இவற்றில் எது நாட்டைப் பிளக்கும்? எது விமானத்தை வீழ்த்தும்?

படிப்பகங்களில் இதைப் பேசுங்கள். "வானொலிதானே, பொழுதுபோக்குத்தானே" என்று சொல்பவரிடம் கண்டாகோவின் ஒரு வாட்டைச் சொல்லுங்கள். கோபே மக்களின் குரலைச் சொல்லுங்கள். பாம்பன் கரையில் காத்திருக்கும் பெண்ணைச் சொல்லுங்கள். துண்டறிக்கை அச்சிட்ட கைகள் நம்முடையவை. மேடையில்லாத ஊரில் திண்ணையை மேடையாக்கிய இயக்கம் நம்முடையது. அன்று அச்சுக்கூடத்துக்குப் பூட்டு வந்தபோது அதை எதிர்த்து நின்ற நாம், இன்று காற்றுக்குப் பூட்டு இருப்பதைக் கண்டும் காணாமல் இருக்கலாமா? அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம், அவர் நம்மவரேயாயினும், இதைக் கேளுங்கள்: "எங்கள் வானத்தில் எங்களுக்கு எத்தனை மீட்டர்?"